மேலே இட்ட கோடு அலங்காரமன்று

தேயிலை என்ற சொல்லை நீங்கள் எத்தனையோ முறை எழுதியிருப்பீர்கள். அதில் 'இலை' நம்முடையது. 'தே' யாருடையது?

அது ஹொக்கியன் மொழிச் சொல். தென்கிழக்குச் சீனத்தின் கடற்கரையில் வழங்கும் அம்மொழியில் தேயிலைக்கும் தேநீருக்கும் 'தே' என்றே பெயர். அக்கடற்கரை வணிகரிடம் சரக்கு எடுத்த டச்சுக்காரர்கள் சரக்கோடு பெயரையும் கப்பலேற்றினர். ஆங்கிலேயரின் 'டீ'யும் அவ்வழியில் வந்ததே. சீனத்தின் பிற பகுதிகளில் அதே பொருளுக்குச் 'சா' என்று பெயர். அது தரைவழியாகவும் போர்ச்சுகீசியர் வழியாகவும் பரவி, 'சாய்' என்றும் 'சாயா' என்றும் ஆயிற்று. ஆக, ஒரு நாட்டார் தேநீரை எப்பெயரால் அழைக்கிறார்கள் என்பதைக் கொண்டே அது அவர்களிடம் வந்த வழியை ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஆனால் நாம் கடன் வாங்கியபோது சொல்லில் ஒரு பகுதியை விட்டுவிட்டோம். ஹொக்கியன் பேசுவோர் 'தே' என்னும்போது அவர்கள் குரல் கீழிருந்து மேலே ஏறுகிறது. அந்த ஏற்றமும் சொல்லின் உறுப்பு. ஏற்றத்தை மாற்றினால் சொல்லே மாறிவிடும். இத்தகைய மொழியை இருபத்தாறு உரோமன் எழுத்துகளைக் கொண்டு எழுத முடியுமா? முடியும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். எழுத்தின் தலைமேல் இடும் சில சிறு கோடுகள்தாம் அதன் உயிர். அக்கோடுகள் தொல்லை, அவற்றை விட்டுவிடலாம் என்று சொல்வோரும் உண்டு. விடவே கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று காண்போம்.

குரலின் ஏற்ற இறக்கம்

'ஹொக்கியன்' என்பது ஃபூஜியன் மாநிலத்தின் பெயரை அம்மொழிக்காரரே ஒலிக்கும் முறை. அம்மாநிலத்தின் தென்பகுதியிலும் தைவான் தீவிலும் பினாங்கு, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் முதலிய இடங்களிலும் கோடிக்கணக்கானோர் இதனைப் பேசுகின்றனர். இதனைச் சீனத்தின் 'கிளைமொழி' என்று சொல்வது வழக்கம். ஆயினும் பீகிங் நகரத்து மாண்டரின் மட்டும் அறிந்தவருக்கு இது புரியாது.

தொனி என்றால் என்ன? உங்கள் வீட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. பாட்டி கதை சொல்லும்போது 'ம்' கொட்டுகிறீர்கள். யாரோ அழைப்பது சரியாகக் காதில் விழவில்லையென்றால் 'ம்?' என்று குரலை உயர்த்துகிறீர்கள். கடைக்குப் போய்வரச் சொன்னால் 'ம்...' என்று இழுத்துக் கீழே இறக்குகிறீர்கள். ஒலி ஒன்றே, பொருள் மூன்று. தமிழில் இவ்வித்தை 'ம்' போன்ற சிலவற்றோடும், வினா, வியப்பு, சலிப்பு இவற்றைக் காட்டுவதோடும் நின்றுவிடுகிறது. ஹொக்கியனில் ஒவ்வோர் அசையும் இப்படித்தான் ஒலிக்க வேண்டும்.

இதன் இயற்பியல் எளியது. நம் குரல்வளையில் இரண்டு குரல்நாண்கள் உள்ளன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரச் செய்கிறது. பேசும்போது வளர்ந்த ஆணின் குரல்நாண்கள் விநாடிக்குச் சுமார் 100 முதல் 150 முறையும், பெண்ணின் குரல்நாண்கள் சுமார் 200 முதல் 250 முறையும் அதிரும். நாண்களை இறுக்கினால் அதிர்வெண் கூடிக் குரல் உயரும், தளர்த்தினால் தாழும்.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம்: "அப்படியானால் தாத்தாவின் உயர்ந்த தொனி, பேத்தியின் தாழ்ந்த தொனியைவிடத் தாழ்வாகவே இருக்குமே? குழப்பம் வராதா?" வராது. பாடகர் ஒருவர் ஒரு கட்டையில் பாடுகிறார். இன்னொருவர் ஐந்து கட்டையில் பாடுகிறார். இருவர் பாடுவதும் மோகனம் என்று நம் காது அறிந்துகொள்கிறதல்லவா? சுரங்களுக்கு இடையேயுள்ள உறவுதான் முக்கியம். தொனியும் அவ்வாறே. ஒருவர் குரலின் எல்லைக்குள் எது உயர்வு, எது தாழ்வு என்பதைக் காது நொடியில் கணக்கிட்டுவிடுகிறது.

சீன மொழியியலறிஞர் யுவான் ரென் சாவ் 1930-ஆம் ஆண்டில் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். குரலின் கீழ் எல்லையை 1 என்றும் மேல் எல்லையை 5 என்றும் கொண்டு, ஒவ்வொரு தொனியும் எதில் தொடங்கி எதில் முடிகிறது என்று குறிப்பது அவர் முறை. தேநீரின் 'தே' ஏறக்குறைய 2-இல் தொடங்கி 4-இல் முடியும். ஆகவே அதன் தொனி 24.

ஐந்து 'கௌ'

'கௌரவம்' என்னும்போது வரும் 'கௌ'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஹொக்கியனில் இதை உரோமன் எழுத்தில் கே, ஏ, யூ என்ற மூன்றெழுத்தால் எழுதுவர். இனி மேற்குறிகளைப் பாருங்கள். தொனி எண்கள் தைவான் வழக்குக்கு உரியவை. ஊருக்கு ஊர் சிறிது மாறும்.

குறி எதுவும் இல்லாவிட்டால் உயர்ந்த சமத்தொனி, 55. பொருள்: வாய்க்கால்.

வலப்பக்கம் மேலேறும் சாய்கோடு இட்டால் உயரத்திலிருந்து இறங்கும் தொனி, 53. பொருள்: நாய்.

வலப்பக்கம் கீழிறங்கும் சாய்கோடு இட்டால் தாழ்ந்த தொனி, 21. பொருள்: வந்து சேர்தல்.

சிறு கூரை போன்ற குறி இட்டால் ஏறும் தொனி, 24. பொருள்: குரங்கு.

படுக்கைக் கோடு இட்டால் நடுச் சமத்தொனி, 33. பொருள்: தடித்தது.

இவையன்றி இரண்டு குறுந்தொனிகள் உண்டு. 'ப்', 'த்', 'க்' போன்ற ஒலியிலோ தொண்டையை அடைப்பதிலோ முடியும் அசைகளுக்கு அவை உரியன. அவற்றுள் தாழ்ந்ததற்குக் குறியில்லை. உயர்ந்ததற்குச் செங்குத்தாக ஒரு சிறு கோடு. பத்து என்பதற்கு 'சாப்' என்பர். உதடுகளை மூடியவுடன் நிறுத்திவிட வேண்டும். நமக்கோ 'புக்' என்பதைப் 'புக்கு' என்று உகரம் சேர்த்து முடிக்கும் பழக்கம் உண்டு. 'சாப்பு' என்று முடித்தால் அது பத்தாகாது.

தொனிகளை நினைவில் நிறுத்தத் தைவானில் ஒரு விலங்கு வரிசை சொல்லித் தருவார்கள்: சிங்கம், புலி, சிறுத்தை, ஆமை, குரங்கு, நாய், யானை, மான். இவ்விலங்குகளின் பெயர்கள் முறையே ஒன்று முதல் எட்டு வரை தொனிகளைக் காட்டும். ஆறாவது தொனி இன்று தனியாக இல்லை. வரிசை நிறைய வேண்டுமென்பதற்காக நாய் அங்கே நிற்கிறது. அதன் தொனி இரண்டாவதே. எட்டு என்று எண்ணினாலும் உண்மையில் ஏழுதான்.

ஓர் எச்சரிக்கை. மேலேறும் கோட்டைக் கண்டதும் குரலை மேலே ஏற்றிவிடாதீர்கள். அக்கோடு காட்டுவது இறங்கும் தொனியை! குறி என்பது குரலின் படம் அன்று. ஒப்புக்கொண்ட ஓர் அடையாளம். கணிதத்தில் கூட்டல் குறியைப் பார்த்து யாரும் அது சிலுவை என்று வாதிடுவதில்லை அல்லவா?

வாங்குவதா, விற்பதா?

குறியை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. ஹொக்கியன் பேசும் பல ஊர்களில் 'வாங்கு' என்பதற்குப் 'பே' என்பர். 'பஸ்' என்னும்போது வரும் 'ப' அது. 'விற்பது' என்பதற்கும் 'பே'தான். முன்னதில் குரல் உயரத்திலிருந்து இறங்கும். பின்னதில் நடுவே சமமாக நிற்கும். எழுத்தில் இவற்றைப் பிரிப்பது சாய்கோடும் படுக்கைக் கோடும் மட்டுமே. 'நான் தேயிலை வாங்குகிறேன்' என்று வணிகர் எழுதிய கடிதத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டால், அவர் வாங்க வந்தவரா விற்க வந்தவரா என்று படிப்பவர் திகைப்பார்.

தமிழெழுத்தில் எழுதிவிடலாமே என்றால் நிலைமை இன்னும் மோசமாகும். 'பம்பரம்' என்பதன் முதல் எழுத்துப் போன்ற 'ப'வைக் கொண்டு நடுச் சமத்தொனியில் 'பே' என்றால் அதற்குத் தந்தை என்று பொருள். நம் எழுத்தில் வாங்குவது, விற்பது, தந்தை மூன்றும் ஒன்றாகிவிடும். அன்றியும் 'க' என்ற ஒலியில் மூச்சை வெளியே தள்ளி ஒலிப்பது, தள்ளாமல் ஒலிப்பது என்ற வேறுபாட்டையும் அம்மொழி பார்க்கிறது. மூச்சுத் தள்ளி உயர்ந்த சமத்தொனியில் 'கா' என்றால் கால். இதையெல்லாம் ஆய்ந்துதான் அம்மொழிக்கென்று எழுத்து முறை அமைக்க வேண்டியிருந்தது.

காதால் கேட்டுக் கையால் எழுதியவர்கள்

அப்பணியைத் தொடங்கியவர்களுள் ஒருவர் வால்டர் ஹென்றி மெட்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர். அச்சுத் தொழிலாளி, பாதிரிமார் குழுவோடு கிழக்கே புறப்பட்டவர். 1817-ஆம் ஆண்டில் வழியில் சென்னையில் தங்கி, இங்கேயே திருமணமும் செய்துகொண்டு மலாக்காவுக்குக் கப்பலேறினார். மலாய்த் தீவுகளில் குடியேறிய ஹொக்கியன் மக்களிடையே வாழ்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் குறித்தார். சுமார் 12,000 சீன எழுத்துகளைக் கொண்ட அவருடைய அகராதி 1832-ஆம் ஆண்டில் மக்காவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அச்சகத்தில் அச்சேறத் தொடங்கியது. கம்பெனியின் சீன வணிக உரிமை முடிந்ததால் வேலை நின்று, 1837-இல்தான் நிறைவுற்றது.

அவருக்குப் பின் எலிஹு டோட்டி 1853-இல் ஒரு கையேடு வெளியிட்டார். 1873-இல் கார்ஸ்டேர்ஸ் டக்ளஸ் பேச்சு மொழிக்கென்றே ஒரு பெரிய அகராதி கொண்டுவந்தார். அதில் ஒரு புதுமை: சீன எழுத்தே கிடையாது, எல்லாம் உரோமன் எழுத்து. மக்கள் வாயில் வழங்கும் சொற்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கோ மூன்றில் ஒன்றுக்கோ உரிய சீன எழுத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவர் முன்னுரையில் குறிப்பிட்டார்.

இதை நன்றாக எண்ணிப் பாருங்கள். பல்லாயிரம் எழுத்துகள் கொண்ட எழுத்துமுறை அருகில் இருந்தும், தாய் குழந்தையிடம் பேசும் சொற்கள் பலவற்றிற்கு அதில் இடமில்லை. இருபதுக்குச் சற்று மேற்பட்ட எழுத்தொலிகளும் ஐந்து மேற்குறிகளும் அவ்வளவையும் தாங்கிக்கொண்டன. இம்முறைக்கு மக்கள் 'பே-உவே-ஜீ' என்று பெயரிட்டனர். 'வழக்குமொழி எழுத்து' என்பது அதன் பொருள்.

சமய நூல்களுக்காகத் தொடங்கிய எழுத்து அதோடு நிற்கவில்லை. தைவானின் தாய்நான் நகரில் தாமஸ் பார்க்லே என்பவர் 1884-இல் ஓர் அச்சகத்தை இயக்கத் தொடங்கினார். 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அங்கிருந்து, முழுதும் இவ்வெழுத்தில் அச்சான ஒரு பத்திரிகை வெளிவந்தது. 1897-இல் எழுதிக் கணக்குப் போடும் முறையைக் கற்பிக்கும் நூல் ஒன்று வந்தது. 1917-இல் குஷூ டெய்லர் என்ற மருத்துவர் செவிலியர்க்கான மருத்துவப் பாடநூலை வெளியிட்டார். அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் அது. சீன எழுத்தும் ஆங்கிலமும் அறியாத உதவியாளர், உடலின் உறுப்புகளையும் நோயாளியைப் பேணும் முறையையும் தம் சொந்த மொழியிலேயே படித்து அறிந்தனர். 1926-இல் புதினமும் வந்தது. 'இது வெறும் பேச்சு. இதில் அறிவியல் எழுத முடியாது' என்பாரின் வாயை இந்நூல்கள் அடைத்துவிட்டன என்றே சொல்ல வேண்டும்.

எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்று

கற்கத் தொடங்கியவரை மிரளவைக்கும் ஓர் இடம் உண்டு. ஹொக்கியனில் சொற்றொடரின் கடைசி அசை மட்டுமே பொதுவாகத் தன் இயல்பான தொனியில் நிற்கும். அதற்கு முன்னுள்ள அசைகள் தொனி மாறும். மாற்றமும் ஒரு சக்கரம்போல் ஒழுங்காகச் சுழலும். உயர்ந்த சமத்தொனி, நடுச் சமத்தொனியாகும். நடுச் சமத்தொனி, தாழ்ந்த தொனியாகும். தாழ்ந்த தொனி, உயர்ந்து இறங்கும் தொனியாகும். உயர்ந்து இறங்குவது, உயர்ந்த சமத்தொனியாகும். ஏறும் தொனி தைவானின் தென்பகுதியில் நடுச் சமத்தொனியாக மாறிச் சக்கரத்தில் சேர்ந்துகொள்ளும்.

தேயிலையே இதற்கு எடுத்துக்காட்டு. ஹொக்கியனிலும் அதற்குத் 'தே-ஹியோ' என்பர். 'ஹியோ' என்றால் இலை. நம் சொல்லைப் போன்றே அமைந்த சொல்! தனியே நிற்கும்போது ஏறும் 'தே', 'தே-ஹியோ'வில் ஏறாமல் நடுவே சமமாக ஒலிக்கும். ஆனால் எழுதும்போது அதே கூரைக் குறியைத்தான் இட வேண்டும்.

"ஒலிப்பது ஒன்று, எழுதுவது ஒன்றா? பிறகு இது என்ன அறிவியல்முறை எழுத்து?" என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள். நீங்களும் அப்படித்தான் எழுதுகிறீர்கள். 'கல்', 'தங்கம்', 'பகல்' என்ற மூன்று சொற்களையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் 'க' ஒரே ஒலியா? முதலில் வல்லோசை, மெல்லெழுத்தின் பின் வேறோசை, இரண்டு உயிர்களுக்கு நடுவே இன்னொன்று. ஆனால் எழுத்து ஒன்றே. எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பது இடத்தைக் கொண்டே தெரிந்துவிடுவதால் தனித்தனி எழுத்து நமக்குத் தேவைப்படவில்லை. தொனி மாற்றமும் இடத்தைப் பொறுத்து ஒழுங்காக நிகழ்வது. ஆகவே அதையும் படிப்பவரிடம் விட்டுவிட்டார்கள். இதனால் ஒரு நன்மையும் உண்டு. 'தே' எங்கே வந்தாலும் கண்ணுக்கு ஒரே 'தே'யாகத் தெரியும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. விதியைக் கொண்டு அறியக்கூடியதை எழுதாமல் விடலாம். சொல்லின் சொந்தத் தொனி எந்த விதியாலும் அறிய முடியாதது. அதை எழுதாமல் விட்டால் இழந்தோம் என்றே பொருள்.

தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும்

குறிகள் வேண்டாம் என்பாரின் வலுவான வாதம் இது: "எங்களுக்கு மொழி தெரியும். குறியில்லாமல் எழுதினாலும் இடம் நோக்கிப் புரிந்துகொள்கிறோம்." உண்மைதான். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உணவுக்கடைப் பலகைகளில் 'சார் குவே தியாவ்' என்ற வறுத்த பட்டை நூடுல்ஸின் பெயரைத் தொனிக்குறி இல்லாமலே எழுதியிருக்கிறார்கள். ஒரு கடையில் ஒரு மாதிரி, அடுத்த கடையில் வேறு மாதிரி. உள்ளூர்க்காரர் எவரும் பசியோடு திரும்பிப் போனதில்லை.

ஆனால் எழுத்து யாருக்காக? தெரிந்தவருக்குக் குறி தேவையில்லை. தெரியாதவருக்குக் குறியே வழி. நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலும் எகர ஏகாரம் பிரிக்காமலும் எழுதினார்கள். புலவர்கள் தடையின்றிப் படித்தனர். இன்று ஒரு சுவடியை உங்கள் கையில் கொடுத்தால் எவ்வளவு தூரம் படிப்பீர்கள்?

தைவானில் இக்கேள்வி இன்று உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. ஜப்பானியர் ஆட்சியில், போர்க்காலத்தில், 1942-இல் அந்தப் பத்திரிகை நிறுத்தப்பட்டது. போருக்குப் பின் மீண்டும் வந்தது. 1949 முதல் 1987 வரை நீடித்த இராணுவச் சட்ட காலத்தில் பள்ளிகளில் மாண்டரின் மட்டுமே பேச வேண்டும். வீட்டு மொழியைப் பேசிய பிள்ளைகளுக்கு அபராதம் விதித்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டி நிறுத்தினார்கள். 1960-களின் இறுதியில் பத்திரிகையும் இவ்வெழுத்தைக் கைவிட நேர்ந்தது. 1975-இல் இவ்வெழுத்தில் அச்சான விவிலிய மொழிபெயர்ப்புகள் பறிமுதல் செய்யப்பட்டன.

விளைவு என்ன? 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 65 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் இம்மொழியையே முதன்மையாகப் பேசுவதாகத் தெரிந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் அப்படிப் பேசுவோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. முதியோருக்குப் பேசத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர்க்கு எழுதத் தெரியாது. இளையோருக்கு எழுதும் வாய்ப்பு வந்திருக்கிறது, பேச்சு கைநழுவிக்கொண்டிருக்கிறது.

வாய்ப்பு வந்தது என்றேன். 2001 முதல் தொடக்கப் பள்ளிகளில் வாரம் ஒரு பாடவேளை தாய்மொழிக்கு ஒதுக்கினார்கள். 2006-இல் கல்வி அமைச்சகம் உரோமன் எழுத்து முறை ஒன்றை அதிகாரப்பூர்வமாக ஏற்றது. பழைய முறையில் சில எழுத்துக்கூட்டல்களை மாற்றியவர்கள், தொனிக் குறிகளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 2022 முதல் மேல்நிலைப் பள்ளி வரை பாடம் நீண்டது. ஆயினும் வாரத்துக்கு ஒரு பாடவேளை என்பது மிகக் குறைவு. அச்சிறு நேரத்தில் எதைக் கற்பிப்பது? சீன எழுத்தையா, உரோமன் எழுத்தையா?

மேற்குறியோடு கூடிய உரோமன் எழுத்தையே முதலில் கற்பிக்க வேண்டும் என்பது என் முடிவு. தொனி காதில் ஏறாத குழந்தைக்குச் சீன எழுத்தைக் காட்டினால் அது மாண்டரினிலேயே படித்துவிடும். 'தே' என்ற எழுத்தைக் கண்டு 'சா' என்னும். உரோமன் எழுத்தோ பாட்டி ஒலித்தபடியே ஒலிக்கச் சொல்லும்.

மறுப்புகளையும் மறைக்க வேண்டியதில்லை. "அயலார் எழுத்து" என்பர். வியட்நாமைப் பாருங்கள். அம்மொழியின் உரோமன் எழுத்தும் பாதிரிமார் அமைத்ததே. 1651-இல் அதன் அகராதி ரோமில் அச்சாயிற்று. ஆறு தொனிகளையும் தவறாமல் குறித்து இன்று ஒரு நாடே அதில் எழுதுகிறது. அது அயல் எழுத்து என்று இன்று எந்த வியட்நாமியக் குழந்தையும் நினைப்பதில்லை. "ஒரே ஒலியில் பல சொற்கள் உண்டே" என்பர். உண்டு. நாய்க்கும் ஒன்பதுக்கும் தொனிகூட ஒன்றுதான். ஆனால் பேச்சில் குழப்பம் வராதபோது எழுத்தில் மட்டும் ஏன் வர வேண்டும்? அசைகளை இணைக்கும் சிறுகோடும் உடன் வரும் சொற்களும் பொருளைத் தெளிவாக்கிவிடும். "சீன எழுத்தில் பழம்பெரும் இலக்கியம் இருக்கிறதே" என்பர். இதில் நியாயம் உண்டு. கல்வி அமைச்சகம் பரிந்துரைத்த 700 எழுத்துகளையும் பிறகு கற்றுக்கொள்ளட்டும். இரண்டையும் கலந்து எழுதுவோரும் இன்று பலர். காது பழகிய பிறகு கண் பழகுவதில் தவறில்லை. முறை மாறினால்தான் தொல்லை.

நீங்களும் முயலலாம்

இதைக் கற்பதால் தமிழ் மாணவருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். காது கூர்மையாகும். எழுத்து வேறு, ஒலி வேறு என்பது விளங்கும். ஒரு மொழியை எழுதும்போது எதைக் குறிக்க வேண்டும், எதை விடலாம் என்று முடிவு செய்வது எத்தனை பெரிய ஆராய்ச்சி என்பதும் புரியும்.

தொடங்க விரும்பினால் மூன்றை மறவாதீர்கள். முதலில் வாயை மூடி ஐந்து தொனிகளையும் முணுமுணுத்துப் பழகுங்கள். சொல்லைப் பிறகு சேர்க்கலாம். இரண்டாவது, எந்தச் சொல்லையும் மேற்குறி இல்லாமல் மனப்பாடம் செய்யாதீர்கள். குறியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர் சேர்த்ததே இல்லை. மூன்றாவது, தனிச்சொல்லோடு நிற்காமல் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துச் சொல்லித் தொனிச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். தைவான் கல்வி அமைச்சகத்தின் இணைய அகராதியில் சொற்களை ஒலிப்பதிவாகவே இலவசமாகக் கேட்கலாம்.

அதற்கு முன் ஒரு சிறு சோதனை. ஒரு தாளில் ஐந்து 'கௌ'வையும் உரிய குறியோடு எழுதி, பொருளைச் சொல்லிச் சொல்லிப் பழகுங்கள். இன்னொரு தாளில் அதே ஐந்தையும் குறியில்லாமல் உங்கள் விருப்பப்படி வரிசை மாற்றி எழுதுங்கள். இரண்டையும் மடித்துப் புத்தகத்தில் வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். முதல் தாள் உங்களோடு பேசும். இரண்டாவது தாளில் எது நாய், எது குரங்கு என்பதை, எழுதிய நீங்களே சொல்ல முடியாது.